அடிக்க வாகாகப் பந்து போடுகிறவனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நேற்றுக் காலையில்தான் போனில் பேசினோம். சளி பிடித்திருக்கிறது, மிளகு ரசம் வைத்துக் குடித்தேன் என்றாய். எல்லாவற்றையும் போனிலேயே பேசுகிற காலத்தில் மாமன் எதற்குப் பேனாவைத் தூக்குகிறான் என்று நீ நினைக்கலாம். போனில் சொன்னால் நடுவில் எதையாவது சேர்த்துவிடுவேன். எழுதினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்து, கூட்டிச் சொன்னதை அடிக்கச் சொல்லுகிறாள். ஏற்கெனவே இரண்டு இடத்தில் அடித்துவிட்டேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். மாலையும் கழுத்துமாக நீ மணவறையில் உட்காருவதற்கு முன்னால் ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கல்யாணம் ஐப்பசியில் நின்றுபோகப் பார்த்தது. நிறுத்தப் பார்த்தது வேறு யாரும் இல்லை, என் வாய்தான்.

நம் காய்கறி மார்க்கெட் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலரிலும் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் அளந்ததை எல்லோரும் கேட்டார்கள். அளந்தேன் என்று சொல்வதையும் எல்லோரும் கேட்க வேண்டும், அதுதான் முறை. உனக்கு வெட்கமாக இருந்தால் பொறுத்துக்கொள். எனக்கு இல்லை.

உன்னைப் பெற்றவர் இருந்திருந்தால் இதெல்லாம் அவர் எழுத வேண்டியது. நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவர் போய்விட, அக்கா உன்னைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊரான பரவைக்கு வந்தாள். அன்றிலிருந்து அப்பனும் நான்தான், மாமனும் நான்தான். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன் என்றாலும், தக்காளிப் பெட்டியைத் திறக்காமல் மோந்து பார்த்தே அது ஒட்டன்சத்திரத்துச் சரக்கா வேறு ஊர்ச் சரக்கா என்று சொல்லக்கூடிய ஆள் இந்த மார்க்கெட்டில் நான் ஒருவன்தான். இதை அக்காவும் அடிக்கச் சொல்லவில்லை. உனக்கு எறியக் கற்றுக் கொடுத்தவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன் இல்லையா, அதைத்தான் அடிக்க வேண்டும். நடந்தது வேறு. நம் கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்குகிற கிட்டங்கிச் சுவரில் நீ கரியால் ஒரு வட்டம் போட்டு, அழுகின தக்காளியைப் பொறுக்கி வந்து அந்த வட்டத்துக்குள்ளேயே எறிந்துகொண்டிருந்தாய். சுவர் நாசமாகிறது என்று கிட்டங்கிக்காரர் சத்தம் போட்டார். நான் ஓடிவந்து உன் முதுகில் இரண்டு வைத்தேன். வைக்கும்போதே சுவரைப் பார்த்தேன். வட்டத்துக்கு வெளியே ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் மூன்றாவது அடி அடித்தேன். அதற்கு இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

கல்லூரியில் கிரிக்கெட் அணியில் சேர்ந்தாய். மைதானத்தில் இறங்கிய நாளைவிட, வலைக்குள் மற்றவர்களுக்குப் பந்து எறிந்து கொடுத்த நாள்தான் அதிகம். நான் போய் உன் பயிற்சியாளரிடம் சண்டை போட்டேன். "எங்க பையன் என்ன எடுபிடியா?" என்று கேட்டேன். அவர் ரொம்பப் பொறுமையாக, "அண்ணே, இவன் போட்டாத்தான் எங்க பயலுக மட்டையில பந்து படுது" என்றார். அது பாராட்டு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு நீ அமெரிக்காவுக்குப் படிக்கப் போனாய், அங்கே நம் கிரிக்கெட் மாதிரி பேஸ்பால் என்று ஒரு ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டாய், படிப்பு முடித்து ஒரு பெரிய அணியில் வேலைக்கும் சேர்ந்தாய். சேர்ந்த அன்று நீ போனில் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"மாமா, நான் வெளையாடுற ஆளு இல்ல. மேட்ச்சுக்கு முன்னாடி அவங்க பழகுவாங்கள்ல, அப்ப பந்து போடுற ஆளு."

"நீ போடுற பந்தை எவனாச்சும் அடிக்க முடியுமாடா மாப்ள?"

"அடிக்கணும் மாமா. அடிக்க வாகாப் போடணும். அதுக்குத்தான் என்னைய வேலைக்கு எடுத்துருக்காங்க."

அடி வாங்குவதற்கு என்று ஒரு வேலையா! எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் கருப்பையா அண்ணன் கேட்டபோது, "நம்ம பய போடுற பந்தை அமெரிக்காவுல ஒருத்தனாலயும் அடிக்க முடியலண்ணே" என்று சொன்னேன். ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். அதற்குப் பிறகு வருஷம் முழுக்க மாற்ற வேண்டியதாகிவிட்டது.

உங்கள் அணி இருப்பது அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை. அங்கே சாயங்கால ஆட்டம் தொடங்கும்போது இங்கே காலை ஏழரை மணி. சரக்கு ஏலம் முடிந்து, எல்லோரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரம். நான் போனைத் தராசுத் தட்டில் சாய்த்து வைப்பேன், பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். சரி, ஆறு பேர். தினமும் ஆட்டம். கிரிக்கெட் மாதிரி ஓய்வு நாளே கிடையாது; வாரத்துக்கு ஆறு நாள், ஏழு நாள் என்று பங்குனிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் ஓடுகிறது. நம் மார்க்கெட்டையாவது மாதம் ஒரு நாள் அடைக்கிறோம். உன்னைத் திரையில் காட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. யாராவது ஒருவன் எறிந்து எதிராளி தோற்றால் "நம்ம பயதான், தொப்பி போட்டதால அடையாளம் தெரியல" என்பேன். ஆட்டம் முடிந்து நீ கூப்பிடுவாய். நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்து வேறு ஒன்றைச் சொல்லுவேன். கடைசி நாள் உங்கள் அணி தோற்றது. நான் கோப்பை கிடைத்துவிட்டது என்று சொல்லி ஒரு அண்டா கேசரி கிண்டி மார்க்கெட் முழுக்கக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வில்லாபுரத்துச் சம்பந்தம் கூடிவந்தது. சுகன்யாவை உனக்குப் பிடித்தது, உன்னை அவளுக்குப் பிடித்தது, இரண்டு பேரும் வீடியோவில் பேசினீர்கள். அவள் அப்பா ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார், தன் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் பழக்கியவர். சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலின் தங்கச்சி மாதிரி. அதை நான் அப்போது விசாரித்திருந்தால் கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பேன். பூ வைக்க நாள் குறித்தோம். நாள் குறித்த கையோடு நான் ஃபிளக்ஸ் கடைக்குப் போனேன்.

தாய்மாமன் பேனர் வைக்காமல் இந்த ஊரில் என்ன விசேஷம் நடந்திருக்கிறது, நீயே சொல்லு. மார்க்கெட் வாசலில், பரவை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ரோட்டில் போகிற பஸ்ஸில் இருப்பவனும் படிக்கிற உயரத்தில் வைத்தேன். யாரோ ஒரு பேஸ்பால்காரனின் உடம்பில் உன் தலை. கையில் கோப்பை, அது கடைக்காரன் கம்ப்யூட்டரில் கிடந்த கபடிக் கோப்பை. "அமெரிக்காவைத் தன் பந்தால் அடக்கி, கோப்பை வென்று வரும் பரவையின் சிங்கமே" என்று மேலே. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு, போனைக் காதில் வைத்தபடி என் படம். உன் படத்தைவிட என் படம் கொஞ்சம் பெரிது என்று உன் அத்தை சொன்னாள். கொஞ்சம் இல்லை, நல்ல பெரிது. ஏன் வைத்தேன் என்று கேட்டால், உன் தாத்தா ஆயுசுக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டார். அவர் பெயர் சுவரில் எழுதப்பட்டது, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ஒரே தடவை. உன் பெயர் உயிரோடு இருக்கும்போதே பெரிதாக நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசையில் தப்பில்லை. உன் பெயருக்குக் கீழே எழுதியதில்தான் தப்பு.

பூ வைக்க நாலு நாள் இருக்கும்போது வாத்தியார் நம் வீட்டைப் பார்க்க ஸ்கூட்டரில் வந்தார். பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, பேனரைப் போனில் படம் எடுத்து, வீட்டுக்கு வராமலேயே திரும்பிப் போய்விட்டார். கருப்பையா அண்ணன்தான் பார்த்துவிட்டு வந்து, "உங்க சம்பந்தி பேனரைப் பாத்து அசந்து போயிட்டாரு தம்பி" என்று சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, அந்த டீம்ல வெளையாடுறவங்க பேரு முழுசும் பாத்தேன். மாப்பிள்ளை பேரு இல்ல. அந்த டீமு கோப்பையும் வாங்கல. பூ வைக்கிறத இப்போதைக்கு நிறுத்தி வைப்போம்."

நான் உடனே, "சார், அங்க அவனுக்கு வேற பேரு" என்றேன். சொன்ன வேகத்தில் அது எனக்கே நன்றாகத்தான் தோன்றியது. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "பேரே வேறயா? அப்ப பொண்டாட்டி புள்ளையும் அங்க வேற இருக்கா?" போனை வைத்துவிட்டார்.

அக்கா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஏன்டா, எம் மகன் பேரையும் பொய்யாக்கிட்டியா? காலையில வில்லாபுரம் போறோம். அதுக்குள்ள நீ வாயைத் தொறந்தா நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றாள். உன்னிடம் அன்று சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. உனக்குத் தெரிந்தால் நீயே வாத்தியாரைக் கூப்பிட்டுப் பேசுவாய், மாமன் சொன்ன பொய்யை நீ சுமப்பாய். அதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமனே சொல்லட்டும் என்று சுகன்யாவிடமும் பிறகு அக்கா கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் போனோம். வாத்தியார் வாங்க என்று சொன்னார், தண்ணீர் கொடுத்தார், சிரிக்கவில்லை. சுகன்யா சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை விளையாடுகிறவன் இல்லை, பழகும்போது பந்து போடுகிறவன், பெயர் அதே பெயர்தான், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். வாத்தியார் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அண்ணே, நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. இதுல எது நெசம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

மாப்பிள்ளை, இது நாற்பது வருஷமாகப் பேசுகிற வாய். முதல் தடவையாக உண்மையை எடுத்து வைக்கிறது, வாங்க ஆள் இல்லை. சுகன்யா தன் அப்பாவைப் பார்த்து, "அவங்க எங்கிட்ட மொத நாளே இதைச் சொல்லிட்டாங்கப்பா. நான் சொன்னா, 'அவன் சொல்லிக் குடுத்ததைத்தான சொல்ற'ன்னு நீங்க கேக்கவே இல்ல" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. போனை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அந்த டீமு இந்த வருசம் ஆடுனது எல்லாம் இதுல கெடக்கு. நீங்க வருசம் முழுக்கப் பாத்ததாச் சொல்றீங்க. மொதல்லேருந்து சொல்லுங்க. கூட்டாமச் சொல்லுங்க" என்றார்.

"ஆரம்பமே அமோகம்" என்று தொடங்கினேன். அக்கா தொடையில் கிள்ளினாள். "அமோகம் இல்ல. தோத்தாங்க. தொடர்ந்து ஒம்பது ஆட்டம் தோத்தாங்க."

அவர் விரலால் தள்ளிப் பார்த்தார். "பதினொண்ணு."

"அப்பிடியா? ரெண்டை மறந்துட்டேன்" என்றேன். என் ஆயுசில் குறைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் அணியை நடத்துகிற மேனேஜரை வேலையை விட்டு அனுப்பியதைச் சொன்னேன். அவர் உன் தோளில் சாய்ந்து அழுததாக மார்க்கெட்டில் சொல்லியிருந்தேன். அங்கே அதைச் சொல்லவில்லை. அவர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்ததையும், நீ அவருடைய அட்டைப் பெட்டியைக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனதையும், கார்க் கதவை மூடும் முன்னால் அவர் "உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கு?" என்று கேட்டதையும் சொன்னேன். "வேலை போன ஆளு இவன் தோளை விசாரிச்சாராக்கும்?" என்றார் வாத்தியார். "ஆமா சார். அது உங்க போன்ல கெடக்காது, மாப்பிள்ளைதான் சொன்னான்" என்றேன்.

பிறகு உங்கள் அணியில் பந்து எறிகிற ஒருவனின் கதை. எட்டுச் சுற்று வரைக்கும் எதிராளி ஒருத்தனால்கூட அவன் பந்தை அடித்து ஓட முடியவில்லை. இன்னும் ஒரே சுற்று. அது முடிந்தால் அவன் பெயர் காலத்துக்கும் நிற்கும். அந்த நேரத்தில் புது மேனேஜர் அவனை வெளியே கூப்பிட்டு வேறு ஒருவனை அனுப்பினார். அரங்கமே ஊளையிட்டது. நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று போட்ட சத்தமும் பக்கத்து ஊர் சமயநல்லூர் வரைக்கும் கேட்டிருக்கும். அன்று நீ சொன்னாய், அவன் இன்னும் இருபது பந்து போட்டிருந்தால் அடுத்த வருஷம் கையைத் தூக்க முடியாது என்று. அதைச் சொன்னதும் வாத்தியார் தலையை ஆட்டினார். "சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆடியில் உன்னோடு ஒரே வீட்டில் இருந்த, மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்ச்சர் பையனை ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வேறு ஊர் அணிக்கு மாற்றிவிட்டார்கள் இல்லையா, அதையும் சொன்னேன். மார்க்கெட்டில் இதை நான் சொன்னபோது எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது. தராசில் இருக்கும்போதே கத்தரிக்காய் கை மாறுவதை தினமும் பார்க்கிறவர்கள். ஆனால் அவன் கையுறையைக் கழற்றி, எல்லோரையும் கட்டிப் பிடித்துவிட்டு, ஆடையைக்கூட மாற்றாமல் விமானத்துக்குப் போனான் என்று நீ சொன்னதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதில் பெருமை இல்லை என்று விட்டிருந்தேன். "எங்க பய வீட்டுக்குப் போனா, வாசல்ல அவன் செருப்பு கெடந்துச்சாம். ரெண்டு நாளா அதைத் தாண்டித்தான் போனானாம், எடுத்து வைக்க மனசு வரலையாம்." அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே அது புதிது.

அந்த வயசான மட்டைக்காரர் விஷயத்தைச் சொல்லாமல் முடியாது. அவர் மாசக் கணக்கில் பந்தைத் தொட முடியாமல் திணறினார். சொந்த ஊர் ஜனமே அவரைக் கூச்சல் போட்டு விரட்டியது. அவர் தினம் மத்தியானம் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார், நீ கம்பி வலைக்குப் பின்னால் நின்று போடுவாய். முதலில் மெதுவாக, நெஞ்சுக்கு நேராக. பட்ட பிறகு கொஞ்சம் வேகம். மறுபடியும் பட்டால் ஒரு விரற்கடை தள்ளி. "அடிக்க முடியாத பந்து போடறது அவனுக்குத் தெரியாதா சார்? தெரியும். ஆனா அந்த மனுசன் அடிக்கணும்னு போட்டான். இருநூறு பந்து, முந்நூறு பந்து. ஒரு நாள் அவரு பந்தை அரங்கத்துக்கு வெளிய அடிச்சாரு. அப்புறம் வாரம் முழுக்க அடிச்சாரு." இந்த வேலையை ஒரு வருஷமாக மறைத்து வைத்திருந்தவன், முதல் தடவையாக வாய் விட்டுச் சொல்லுகிறேன். ஏன் மறைத்தேன் என்று அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

வாத்தியார் போனைப் பார்க்கவில்லை. "கடைசி நாளு?" என்றார்.

"ஜெயிச்சா மேல போலாம். வெயிலு கண்ணுல அடிச்சு ஒருத்தன் கைக்கு வந்த பந்தை விட்டுட்டான். ஒரே ஒரு ரன்னுல போச்சு. நான் அன்னைக்குத்தான் கேசரி கிண்டுனேன்."

"தோத்த அன்னைக்கும் மாப்பிள்ளை உங்களுக்குப் போன் பண்ணாரா?"

"தோத்த அன்னைக்குத்தான் சார் ரொம்ப நேரம் பேசுவான். ஜெயிச்ச அன்னைக்கு 'பாத்தீங்கள்ல மாமா'ன்னு வச்சுருவான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, போனோடு சேர்த்து மேசையில் வைத்தார். "பதினொரு ஆட்டம் தோத்ததையும், செருப்புக் கெடந்ததையும் தெனம் வீட்டுக்குச் சொல்ற பய, ஒரு குடும்பத்தை மறைச்சு வச்சுருக்க மாட்டான்" என்றார். அது எங்களுக்குச் சொன்னதா, தனக்குச் சொல்லிக்கொண்டதா தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, நானும் முப்பது வருசம் புள்ளைகளுக்கு அடிக்க வாகாத்தான் பந்து போட்டேன். அதுல உங்களுக்கு என்ன வெக்கம்? பேனரை எறக்குங்க. ஆளை விட்டு எறக்கக் கூடாது, நீங்களே ஏறி எறக்கணும். மார்க்கெட்டுல ஆளு இருக்கும்போது." சம்பந்தி என்று அவர் சொன்னதை அக்காதான் முதலில் கவனித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுகன்யா காபி போட எழுந்து போனாள்.

மறுநாள் ஏலம் முடிந்த நேரம் ஏணி போட்டு ஏறினேன். கீழே இருநூறு பேர். அக்கா, இருநூறு பேர் இருந்தார்கள், அடிக்க முடியாது. மேலே இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: விளையாடுகிறவன் இல்லை, எறிந்து கொடுக்கிறவன், கோப்பை கிடையாது, படம் ஒட்டியது. சிரிப்பார்கள் என்று இருந்தேன், சிரித்தார்கள். கருப்பையா அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கேட்டார்: "அப்ப நாங்க தின்ன கேசரி?"

"தோத்ததுக்குத் தின்னீங்க அண்ணே."

"நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வருசமும் தோக்கட்டும்" என்றார். பேனரைச் சுருட்டிக் கொண்டுவந்தேன். வெங்காய மூட்டைக்கு மேல் போட உதவுகிறது, மழை இறங்கவில்லை. உன் முகம் உள்பக்கம் இருக்கும்படிதான் மடித்திருக்கிறேன். குறித்த நாளிலேயே பூ வைத்தோம். நீ வீடியோவில் பார்த்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தது இதனால்தான். நீ வந்து இறங்கியதும் மார்க்கெட்டில் உன்னை ஒரு பந்து போடச் சொல்லுவார்கள். அடிக்க முடியாத பந்து போட்டுவிடாதே. அவர்கள் மட்டையோடு காத்திருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் பெரியவர்கள் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தோற்ற நாளில் என்னைக் கூப்பிட்டது மாதிரி இனி சுகன்யாவிடம் முதலில் சொல்லு. எனக்கு மறுநாள் சொன்னால் போதும். அத்தையிடம் நான் நல்ல சேதியை மட்டுமே சொல்லி வந்தேன், கெட்ட சேதியை அவள் அடுத்த வீட்டுக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்படி மூன்று தடவை நடந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு நான் சொல்லுகிற நல்ல சேதிக்கும் அவள் தலையை நிமிர்த்துவதில்லை. அரிசியைப் புடைத்துக்கொண்டே "சரி" என்பாள். அந்த "சரி" உன் வீட்டில் கேட்க வேண்டாம். இன்னொன்று, சுகன்யா சொல்லுகிற ஊர்க்கதையை நடுவில் திருத்தாதே. அவள் அப்பா போனை வைத்துக்கொண்டு திருத்துகிறவர். ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும். தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிக் கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே.

இப்போது ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அழைப்பிதழ் மாதிரியை வாத்தியார் நேற்று அனுப்பியிருக்கிறார். பெண்ணின் பெயர், அதற்குக் கீழே படிப்பு, அதற்குக் கீழே அவள் பார்க்கிற வேலை, எல்லாம் அச்சாகிவிட்டது. உன் பெயர் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. வேலை என்கிற இடத்தை மட்டும் அவர் வெறுமையாக விட்டு, "சம்பந்தி நிரப்பவும்" என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். சோதித்துப் பார்க்கிறாரா, மரியாதைக்கா என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலும் நன்றாக இருந்தது, அதனால்தான் நாலையும் கிழித்துவிட்டேன். அச்சகத்தில் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அம்மா இன்றே படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். உன் வேலை என்னவோ அதை நீயே ஒரு வரியில் எழுதி அனுப்பு. என் போனுக்கு அனுப்பாதே, அம்மா போனுக்கு அனுப்பு. அவள் நேரே அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அச்சாகி வந்த பிறகு நான் வாசித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்